இல்லாத குழாயைத் தாண்டி

கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் பின்பக்கச் சந்தில், பாத்திரக் கடைக்கும் பூஜைச் சாமான் கடைக்கும் நடுவே தாமரையின் மசாலா மில் இருக்கிறது. பலகையில் இன்னமும் 'இராமலிங்கம் மாவு மில்' என்றுதான் எழுதியிருக்கிறது. இராமலிங்கம் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கீழே மில், மேலே வீடு. மல்லியும் சீரகமும் வறுபட்ட வாசனை சுவரில் ஊறிப்போய், மழை நாளில் சுவரைத் தொட்டால் கையில் மணக்கும். மிளகாய் அரைக்கிற நாளில் சந்து வழியாகப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னக்கா, ஊரையே தும்ம வைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு அவள் சோம்பை வறுத்துக்கொண்டிருந்தாள். காத்தூன் பீவி தன்னுடைய பிரியாணி மசாலாவுக்காகக் காத்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட எண்ணெய்த் தகரத்தின் மேல் உட்கார்ந்து, பால் சேர்க்காத கோப்பி-ஓ உறிஞ்சிக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுப்பவர். தாமரையைவிடப் பத்து வயது மூத்தவர். வந்தால் சாமானை அரைத்து முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்.

ஜனனி மாடியிலிருந்து இறங்கி வந்து போனை நீட்டினாள்.

"மா, யூனிவர்சிட்டி ஆஃபர் வந்திருச்சு."

தாமரை அடுப்பைத் தணித்தாள். கையை முன்றானையில் துடைத்துக்கொண்டாள். ஆனால் போனை வாங்கவில்லை. "எங்க போட்டிருக்கான்?"

"கேஎல்லயே. தினமும் கொமுட்டர் ரயில்ல போயிட்டு வந்துரலாம்."

பாடம் என்ன என்று கேட்பதற்கு முன்னால் தாமரையின் நெஞ்சில் வந்தது அந்த ஒரு நிம்மதிதான். கோலாலம்பூர்தான், பிள்ளை வெளியூர் போகவில்லை. சாயங்காலமானால் படியேறி வந்துவிடுவாள்.

"நல்லதாப் போச்சு. பயாலஜிதானே?"

"பயோமெடிக்கல் இன்ஜினியரிங்."

"இன்ஜினியரா?" என்று கேட்டது காத்தூன் பீவி. "கோழி வெட்டுற எடத்துல ஈரலைக் கையில வாங்கி வச்சுக்கிட்டு நிப்பியே, அந்தப் புள்ளையா இன்ஜினியருக்குப் போவுது?"

"பயோ இருக்குல்ல ஆன்டி, பேர்லயே."

"பேர்ல இருந்தா ஆச்சா? என் கேட்டரிங் பேர்ல ராஜா இருக்குலா. எந்த ராஜா வந்து சாப்புட்டாரு? என்ன வேலை அது, சொல்லு."

"ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்கல்ல மெஷினு. ஸ்கேன், மூச்சு விட வைக்கிற மெஷின், கிட்னி மெஷின். அதையெல்லாம் செய்றது. கெட்டுப்போனா சரி பண்றது. செயற்கைக் கால், இதயத்துல வைக்கிற கருவி, அதுவும் உண்டு."

மூச்சு என்ற சொல்லைச் சொல்லும்போது ஜனனி அம்மாவைப் பார்க்கவில்லை. தாமரையும் வாணலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சோம்பு தீய ஆரம்பித்திருந்தது.

ஜனனிக்கு உயிருள்ளது எதுவானாலும் சரி. பாசாரில் மீன் வாங்கப் போனால் செவுளைத் திறந்து காட்டச் சொல்லி மீன்காரரிடம் நிற்பாள். நண்டுக்கு எத்தனை தாடை என்று எண்ணுவாள். மொட்டை மாடியில் எலுமிச்சைச் செடியில் புழு விழுந்தபோது இராமலிங்கம் மருந்தடிக்கப் போக, அவள் செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடைசியில் செடி மொட்டையாகி, பதினோரு பட்டாம்பூச்சி பறந்தது. அவர் அந்த மொட்டைச் செடியை வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காட்டிச் சிரித்தார். ஆனால் இயற்பியல் டியூஷன் முடிந்து வந்தால் அதே பெண் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மேலே வருவாள். மார்க் வாங்கினாள், அழுது வாங்கினாள். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாரும் அவள் உயிரியல்தான் எடுப்பாள் என்று நினைத்திருந்தார்கள். தாமரையும் அப்படித்தான் நினைத்திருந்தாள். முதல் விருப்பமாக இன்ஜினியரிங்கைப் போட்டது யாருக்கும் தெரியாது.

"பத்து நாள்ல பதில் சொல்லணும்" என்றாள் ஜனனி. "நான் ஏத்துக்கப் போறேன்."

"பயாலஜிக்குப் போட்டியே, அது?"

"அது கெடைச்சா கிழக்குக் கரையில, திரெங்கானு பக்கம்தான் கெடைக்கும். இதை வேண்டாம்னு சொல்லிட்டு அப்பீல் பண்ணணும். கெடைக்குமான்னும் தெரியாது. விடும்மா."

தாமரை விட்டுவிட்டாள். விடச் சொன்னது அவளுக்கு வசதியாக இருந்தது.

*

மில் ஓடுகிறவரை ஒன்றும் இல்லை. அரவைக் கல் சுற்றும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. மத்தியானம் சாப்பாட்டுக்கு மில்லை நிறுத்திவிட்டு மாடியேறினால்தான் அது தொடங்கும்.

முன்னறையில், ஜன்னலோரமாக, இராமலிங்கத்தின் ஆக்ஸிஜன் மெஷின் நின்ற மூலையிலிருந்து வரும். முதலில் ஒரு உறுமல், குளிர்பெட்டி ஓடுகிற மாதிரி. அப்புறம் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. மறுபடி உறுமல். மறுபடி பெருமூச்சு. வாடகைக்கு எடுத்த மெஷின் அது. காரியம் முடிந்த மறுநாளே கடைக்காரன் வந்து லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மூலையில் இப்போது தரையில் நான்கு சக்கரத்தின் தடம் மட்டும்தான் இருக்கிறது. துடைத்தும் போகவில்லை.

பக்கத்துக் கடையின் ஏர்கானாக இருக்கும் என்று தாமரை போய்ப் பார்த்திருக்கிறாள். அவர்களிடம் ஏர்கான் இல்லை. கோயிலில் சொல்லலாமா என்று யோசித்தாள். என்னவென்று சொல்வது? பயமுறுத்துகிற சத்தமாக இருந்தால் சொல்லலாம். இது மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு அவள் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். சில நாள் தாங்காது. கையைக் கழுவிவிட்டு உடனே கீழே போய், அரைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் மில்லை ஓட விடுவாள்.

மகளுக்கும் கேட்கிறதா என்று அவள் கேட்டதில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்திருந்தாள். மெஷினிலிருந்து அவர் மூக்குவரைக்கும் நீளக் குழாய் ஒன்று தரையோடு கிடக்கும். அவர் கழிப்பறைவரை போய்வருவதற்காக நீளமாகப் போட்டது. வீட்டில் எல்லாரும் அதை மிதிக்காமல் காலைத் தூக்கித் தாண்டிப் பழகியிருந்தார்கள். குழாய் போன பிறகும் ஜனனி சமையலறைக்குப் போகும்போது அந்த இடத்தில் காலைத் தூக்குகிறாள். தாமரையும் தூக்குகிறாள். ஒருவர் தூக்குவதை மற்றவர் பார்த்துவிட்டால், ஈரத் தரை, வழுக்கும் என்பது போல ஏதாவது சொல்லிக்கொள்வார்கள்.

இராமலிங்கத்துக்கு முதலில் வந்தது கொரோனா. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். நுரையீரல் மட்டும் பிழைக்கவில்லை. முப்பது வருஷ மிளகாய்த் தூள் வேறு. பாறை மாதிரி இறுகிவிட்டது, வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மெஷின் ஒன்று, கரண்டு போனால் உதவ ஆள் உயரத்துக்குச் சிலிண்டர் ஒன்று. சிலிண்டரின் கழுத்தில் வட்டமாக ஒரு அளவுமானி. முள் பச்சையில் நின்றால் காற்று இருக்கிறது, சிவப்பில் நின்றால் தீர்ந்தது. கடைக்காரன் ஜனனிக்குத்தான் சொல்லிக்கொடுத்தான். பதினேழு வயது. அவள்தான் வீட்டில் படித்தவள்.

அவர் போன அந்த நாள் தாமரை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மசாலா கொடுக்கப் போயிருந்தாள். மத்தியானமே வானம் இருண்டு, கிள்ளானுக்கே உரிய அந்த இடி. கரண்டு போனது. மெஷின் நீளமாகக் கத்திவிட்டு நின்றது. ஜனனி குழாயைப் பிடுங்கிச் சிலிண்டரில் மாட்டினாள், சாவியைத் திருகினாள், முள்ளைப் பார்த்தாள். பச்சை. பயப்படாதீங்கப்பா, புல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வெள்ளத்தில் நின்றது. தாமரை நனைந்தபடி படியேறி வந்தபோது மகள் இன்னும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் பச்சையில்தான் நின்றது. காரியம் முடிந்து சிலிண்டரை எடுக்க வந்த ஆள் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். முள் பொத்தென்று சிவப்பில் விழுந்தது. "ஐயோ, ஸ்டக் ஆயிருக்குக்கா" என்றான்.

*

"நீ சொல்றதைக் கேக்குறதைவிட, அதுல இருக்குற ஆளைப் போய்ப் பாக்குறதுதான் நல்லது" என்று ஜனனியிடம் சொல்லிக் காத்தூன் பீவிதான் ஏற்பாடு செய்தார். அவர் அண்ணன் மகள் ஹுமைரா அந்தப் படிப்பைத்தான் படித்தவள். சுங்கை பூலோவில் வீடு, பிரிக்பீல்ட்ஸில் வேலை. ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கிற சின்னக் கம்பெனி ஒன்று. சனிக்கிழமை தாயும் மகளும் போனார்கள்.

பூமாலைக் கடைகளைத் தாண்டி, பழைய கடை வீடு ஒன்றின் இரண்டாவது மாடி. நீள மேசைகளில் வயிறு திறந்த மெஷின்கள் வரிசையாகக் கிடந்தன. ஹுமைராவுக்கு இருபத்தாறு வயதிருக்கும். தலைத்துணியின் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருந்தாள். சிரித்த முகம்.

"வாங்க ஆன்டி. அத்தை போன் பண்ணுனாங்க. உக்காருங்க, அந்த நாற்காலி வேணாம், அது ஆடும். அடுத்தவங்க மெஷினெல்லாம் சரி பண்றோம், எங்க நாற்காலியைச் சரி பண்ண நேரம் இல்ல."

ஜனனி கேட்க நினைத்ததையெல்லாம் போனில் எழுதி வந்திருந்தாள். முதல் கேள்வியைக் கேட்பதற்குள் ஹுமைரா பேச ஆரம்பித்துவிட்டாள்.

"பயாலஜி நிறைய இருக்குமான்னுதானே? நான் நேரா சொல்லிடுறேன்லா. மொத ரெண்டு வருஷம் கணக்கு, சர்க்கிட், மெக்கானிக்ஸ், கோடிங். உடம்பு வரும், ஆனா கணக்கா வரும். இதயம்னா பம்ப்பு. நரம்புன்னா வயரு. எலும்புன்னா எவ்வளவு பாரம் தாங்கும். அப்படிப் பாக்கப் பிடிச்சா இதைவிட நல்ல கோர்ஸ் இல்ல. எனக்கு உசுரு. ரத்தம்னாதான் எனக்கு மயக்கம் வரும்."

"பயாலஜி பிடிச்சவங்க யாரும் வரலியா அக்கா?"

"வந்தாங்களே. ஒருத்தி ரெண்டாவது வருஷம் அழுதுக்கிட்டே மாறிப் போயிட்டா. இன்னொருத்தியும் பயாலஜிதான் பைத்தியம். இப்ப செயற்கைக் கால் செய்றா. கால் இல்லாதவங்க மொதல்ல எழுந்து நிக்கிறப்ப அவளும் அழுவா, சந்தோஷத்துல. அதனால என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லம்மா. எதைக் கையில எடுத்தா உனக்குச் சாப்பாடு மறந்துபோகுது? அதைப் பாத்துக்க."

பேசிக்கொண்டே மேசையடியிலிருந்து ஒரு மெஷினைச் சக்கரத்தில் உருட்டி இழுத்தாள். இடுப்புயரம், வெளுத்த நீலம். "இது இன்னைக்கு முடிக்கணும். சூடாகி நின்னுடுதாம்." பிளக்கைச் செருகி, பொத்தானை அழுத்தினாள்.

உறுமல். பிறகு புஸ்ஸென்று பெருமூச்சு.

தாமரை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பட்டப்பகலில், வெளியே பஸ் ஹாரன் அடிக்கிற ஊரில், மற்றவர் காதிலும் விழ அது ஓடிக்கொண்டிருந்தது. ஜனனியின் முகத்தில் ரத்தமில்லை. ஆனால் அவள் நகரவில்லை.

"திறந்து காட்டுறீங்களா அக்கா?"

ஹுமைராவுக்கு ஒன்றும் தெரியாது. நிறுத்திவிட்டு, உற்சாகமாக மூடியைக் கழற்றினாள். உள்ளே இரண்டு குழல்கள். "இதுக்குள்ள வெள்ளை மணி மணியா இருக்கும். காத்துல இருக்குற நைட்ரஜனை அது பிடிச்சு வச்சுக்கும், ஆக்ஸிஜன் மட்டும் வெளிய போகும். ஒண்ணு நெறைஞ்சதும் அடுத்ததுக்கு மாறும். நெறைஞ்சது பிடிச்சு வச்சதைத் தள்ளி விடும். அந்தப் புஸ் சத்தம் அதுதான் ஆன்டி. வேணாங்கிற காத்து."

வேணாங்கிற காத்து என்று தாமரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஜனனி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எது எங்கே போகிறது, அலாரம் எப்படி வருகிறது, அளவுமானி ஏன் சிக்கும், எல்லாம் கேட்டாள். கேட்ட கேள்வி எல்லாம் சரியான கேள்வி. ஹுமைராவே மெச்சினாள். ஆனால் அந்த முகத்தைத் தாமரைக்குத் தெரியும். டியூஷன் முடிந்து படியில் உட்கார்ந்திருந்த முகம். கரும காரியத்தில் ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிற பிள்ளைகளின் முகம்.

பின்பக்க மூடியைக் கழற்றிய ஹுமைரா, "ச்சை, இதுதானா" என்றாள். காற்றுப் போகிற வழியில் தூசியும் பஞ்சும் அடைத்து, அதன் நடுவில் இரண்டு பல்லி முட்டைகள் மூடியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கதகதப்பான இடமென்று பல்லி வந்து இட்டிருக்கிறது. ஒன்று உடைந்து காலியாக இருந்தது. மற்றதைச் சுரண்டி எடுக்க ஹுமைரா ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுபோனாள்.

"வேணாம்க்கா. தொடாதீங்க."

ஜனனி மூடியை அப்படியே கையில் வாங்கினாள். "திருப்பிடக் கூடாது. ஒட்டினப்புறம் திருப்புனா உள்ள செத்துப்போயிடும்." போனின் விளக்கை முட்டைக்குப் பின்னால் பிடித்தாள். ஓடு சிவந்து ஒளிர்ந்தது. "மா, இங்க வா. இந்தா, நூலு மாதிரி, ரத்தக் குழாய். இந்தக் கறுப்புப் புள்ளி கண்ணு. இரு, இரு, அசையுது."

நெற்றியில் வியர்வை வழிந்ததைத் துடைக்காமல் குனிந்தே நின்றாள். ஹுமைரா மெஷினைத் துடைத்து, பூட்டி, ஓடவிட்டு, நிறுத்தியும்விட்டாள். மறுபடியும் அந்தச் சத்தம் வந்ததும் போனதும் ஜனனிக்குத் தெரியவே இல்லை.

"எடுத்துட்டுப் போயிடு, வேற மூடி இருக்கு" என்றாள் ஹுமைரா. சொல்லிவிட்டுத் தாமரையைப் பார்த்தாள். தாமரை வேறு பக்கம் பார்த்தாள்.

*

கொமுட்டரில் உட்கார இடம் கிடைத்தது. ஜனனி மூடியை மடியில் சாயாமல் வைத்துக்கொண்டிருந்தாள். பங்சார் தாண்டியதும் தூறல் பிடித்தது.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் தாமரை நினைத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனால் பிள்ளை தானாக ஏற்றுக்கொள்ளப் போகிறாள். நான்கு வருஷம் சாயங்காலமானால் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். அந்த மூலையோடு தனியாக இருக்க வேண்டாம். பெட்டாலிங் ஜெயா தாண்டியது, சுபாங் ஜெயா தாண்டியது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இன்னும் ஒரு ஸ்டேஷன் போகட்டும் என்று இருந்தாள். ஷா ஆலம் வந்தபோது வாய் தானாகத் திறந்தது.

"ஜனனி, அந்த ஆஃபரை ஏத்துக்காத."

ஜனனி நிமிர்ந்தாள். "நீதானே சந்தோஷப்பட்ட? தினமும் வீட்டுக்கு வந்துருவேன்னு."

"ஆமா. அதனாலதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"என்னால முடியும்மா. கஷ்டமா இருந்தாலும் படிச்சிருவேன்."

"படிச்சிருவே. அது எனக்குத் தெரியாதா? யாருக்காகப் படிக்கப் போற?"

ஜனனி ஜன்னலைப் பார்த்தாள். "முள்ளு பச்சையில நின்னுச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பா உதட்டைப் பாக்கல. உதடு நீலமாச்சுன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்மா. பரீட்சையில எழுதியிருக்கேன். புல் மார்க். கையைப் பிடிச்சுக்கிட்டு முள்ளைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

எதிர் சீட்டில் இருந்த மலாய்க்காரப் பெண் தலையைத் திருப்பிக்கொண்டாள். தாமரை மகளைத் தொடவில்லை. தொட்டால் மூடி சாய்ந்துவிடும்.

"நான் இருந்திருந்தாலும் முள்ளைத்தான் பாத்திருப்பேன். அதுக்குத்தானே முள்ளு வச்சிருக்கான்."

"அதைத்தான் சொல்றேன். யாராச்சும் அதைச் சரியாச் செய்யணும்ல?"

"செய்யணும். அந்த ஹுமைரா செய்யும். மெஷினைத் தொடுறப்ப அது மூஞ்சியப் பாத்தியா? நீ அப்படியா நின்ன? அப்பாவுக்குத் திவசம் குடுக்குற மாதிரி நின்ன. வருஷத்துக்கு ஒருநாள் குடுக்கலாம்டி. ஆயுசுக்கும் குடுக்க முடியாது."

ஜனனி அழவில்லை. கீழே குனிந்து முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "நீ அந்த வீட்டுல தனியா எப்படி இருப்ப?" என்று கேட்டாள்.

"மில்லு இருக்கு. பீவிக்கா வருவாங்க."

"அதில்ல." தயங்கினாள். "மத்தியானத்துல."

தாமரை அவள் பக்கம் திரும்பினாள். "உனக்கும் கேக்குதா?"

"மழை பேஞ்சா கேக்கும். நீ சாப்புடுறப்ப அந்த மூலையையே பாப்ப. அப்பத் தெரிஞ்சுக்கிட்டேன், உனக்கும் கேக்குதுன்னு. அந்தச் சத்தத்தோட உன்ன விட்டுட்டுப் போக வேணாம்னுதான் கேஎல் போட்டேன். அதுவும் ஒரு காரணம்."

இரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒரே சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். ரயில் கிள்ளானுக்குள் நுழைந்தது. ஆறு கலங்கி ஓடியது.

"இருந்துக்குவேன்" என்றாள். "வேத்தாளா வந்து உக்காந்திருக்கு? பழகின சத்தம்தானே."

*

ஜனனி வேண்டாம் என்று பதில் போட்டாள். அப்பீலும் போட்டாள். மாடியில் எலுமிச்சைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்த மூடியில் ஒருநாள் காலை ஓடு மட்டும் கிடந்தது. குட்டி எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

அப்பீலுக்குப் பதில் வருவதாக இல்லை. கூடப் படித்தவர்கள் எல்லாரும் யூனிக்குப் போய்ப் படம் போட்டார்கள். கையில் வந்ததை வேண்டாம் என்று சொன்ன பெண் மில்லில் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மிளகாய் அள்ளிக் கொட்டினாள். "கெடைச்சதை விட்டுட்டா பாரு" என்று சந்தில் பேசியது தாமரை காதிலும் விழுந்தது. தீபாவளி அரவை முடிகிறவரை அப்படித்தான். மகள் இருமும்போதெல்லாம் அவள் மில்லை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான்தான் கெடுத்தேனோ என்று காத்தூன் பீவியிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள்.

"கெடுத்தியோ என்னவோ" என்றார் பீவி. "ஆனா புள்ள இப்பல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டு மிளகாய் அள்ளுது. அதைக் கேட்டியா நீ?"

கடைசியில் அப்பீலும் கைவிரித்தது. ஜனனி மறு வருஷம் மறுபடி விண்ணப்பித்தாள், இந்த முறை அம்மாவின் கண் முன்னால் உட்கார்ந்து. கிழக்குக் கரையில் உயிரியல் கிடைத்தது. பஸ் ஏற்றிவிட்டு வந்த மத்தியானம் தாமரை மாடியேறினாள். சத்தம் கேட்டது. முன்னைவிடப் பலமாகவே கேட்டது. அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அந்த மூலையிலேயே, சக்கரத் தடத்தின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சாப்பிட்டாள். அவரோடு உட்கார மட்டும்தான் தோன்றியது. மறுநாளும் அங்கேயே சாப்பிட்டாள்.

முதல் விடுமுறைக்கு வந்த ஜனனி கறுத்து மெலிந்திருந்தாள். காலெல்லாம் சிப்பி கிழித்த கோடுகள். ஞாயிற்றுக்கிழமை மில்லைப் பூட்டச் சொல்லி, அம்மாவைக் காப்பார் பக்கம் கடலோரத்துக்கு அழைத்துப் போனாள். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தும் தாமரை அந்தச் சேற்றங்கரைக்குப் போனதில்லை. கடல் உள்வாங்கி, அலை வற்றிக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்புச் சேறு, அப்பால் சேற்றில் வேரூன்றி நிற்கிற காண்டாக் காடு. கரைக் கட்டையில் குடையை விரித்து உட்கார வைத்தாள்.

"அந்தா பாரு, பெலாச்சாக். மீனுதான். தண்ணிக்கு வெளிய வந்து உக்காந்துக்கும்."

விரல் நீளத்துக்கு ஒரு மீன், தலைமேல் துருத்திய கண்களோடு, சேற்றில் ஒரு குழியின் வாயில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்து எதையோ விழுங்கியது. கன்னம் இரண்டும் உப்பிப் புடைத்தன. அப்படியே குழிக்குள் தலைகுப்புறப் போய்விட்டது.

"என்னத்தைத் தின்னுது?"

"திங்கலம்மா. காத்து. அது ஆண். உள்ள அடியில அறை மாதிரி இருக்கும், அங்கதான் முட்டை ஒட்டிக்கிட்டு இருக்கும். குழியில நிக்கிற தண்ணியில ஆக்ஸிஜனே கெடையாது. அப்படியே விட்டா எல்லாம் செத்துடும். அதனால இது வாயில காத்தை மொண்டுக்கிட்டுப் போயி உள்ள விட்டுட்டு வரும். மறுபடி வரும், மறுபடி போகும். அலை திரும்புற வரைக்கும் இதே வேலைதான்."

மீன் மேலே வந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. கொஞ்சம் இளைப்பாறுவது போல உட்கார்ந்து, மறுபடி வாய் நிறைய எடுத்துக்கொண்டு இறங்கியது. தாமரை குடையை மடக்கிக் கீழே வைத்தாள்.

"உள்ள போதுமான காத்து இருக்கா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியுமா என்னன்னு தெரியலம்மா. அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கும் அதைத்தான் பாக்கணும்."

தூரத்தில் நீர்க்கோடு தெரிந்தது. சின்னச் சின்ன வாய்க்கால்களில் தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. ஜனனி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அலை வருது. கெளம்பலாமா?"

தாமரை குழியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போன மீன் இன்னும் மேலே வரவில்லை.

"இருடி" என்றாள். "வெளிய வரட்டும்."